சர்வோ: முறுக்குவிசை எண்ணுக்கு அப்பால்

ரேடியோவால் இயங்கும் மாடல் விமானத்தின் மடல்களையும் மாடல் காரின் முன் சக்கரங்களையும் திருப்பும் சிறு மோட்டார் கருவிதான் சர்வோ. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் முறுக்குவிசை எண்ணைப் பார்த்துத்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். மாடல் விமானங்களை நெடுநாளாகப் பறக்கவிட்டு வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் சர்வோ மையத்துக்குச் சரியாகத் திரும்புகிறதா, பற்சக்கரங்களில் ஆட்டம் எவ்வளவு என்பவைதான் எனக்கு முக்கியம்.

நுரை விமானங்களுக்குப் பிளாஸ்டிக் பல் கொண்ட 9 கிராம் சர்வோ தாராளமாகப் போதும். புதிதில் இறுக்கமாக இருக்கும். மோதினால் பல் உடையும். உடைந்திருக்கிறதா என்று அறிய, மின்சாரம் இல்லாமல் சர்வோவின் கையை (அதன் தண்டில் மாட்டிய, துளைகள் உள்ள பட்டையை) மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று வழுக்கினால் பல் போய்விட்டது. உலோகப் பல் மோதலைத் தாங்கும். ஆனால் தேயத் தேய ஆட்டம் கூடும், அதுவும் சத்தமில்லாமல். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரில் இந்த ஆட்டம் வந்தால் விமானத்தின் மூக்கு ஓயாமல் ஏறி இறங்கும். வேகத்தில் மடல் படபடக்கத் தொடங்கினால் வாலே பிய்ந்துவிடும். அதனால் பறப்பதற்கு முன் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை இயக்கிவிட்டு எலிவேட்டரின் விளிம்பை இரு விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கிறேன். இணைப்புக் கம்பியைச் சர்வோ கையில் உள் துளையிலும் எலிவேட்டர் ஹார்னில் (மடலில் பொருத்திய சிறு நெம்புகோலில்) வெளித் துளையிலும் மாட்டினால் ஆட்டம் கணிசமாகக் குறையும், விசையும் கூடும். அசைவின் அளவு மட்டும் சுருங்கும்.

எரிபொருள் எஞ்சின் உள்ள மாடல்களில் எதிரி அதிர்வுதான். சர்வோவின் உள்ளே கையின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் மையப் பகுதியில் தேய்ந்து, சர்வோ நடுங்கத் தொடங்கும். சர்வோவைத் திருகும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்களைத் தவிர்க்காதீர்கள். வளையத்துக்குள் செருகும் பித்தளைக் குழலின் அகன்ற விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும்.

அனலாக் சர்வோவின் மோட்டாருக்கு நொடிக்குச் சுமார் 50 முறை ஆணை போகிறது, டிஜிட்டலில் ஏறக்குறைய 300 முறை. அதனால் டிஜிட்டலின் பிடி உறுதியாக இருக்கும், மின்சாரத்தையும் குடிக்கும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பி.இ.சி. சுற்று சிறியதாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து ரிசீவரே அணைந்து எழும், அதுவும் வானில். தரையில் எல்லா ஸ்டிக்குகளையும் ஒரே நேரத்தில் ஆட்டி மின்னழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

மாடல் கார் ஸ்டியரிங்குக்கு மட்டும் கணக்கு வேறு: சக்கரம் கல்லில் இடிக்கும், அங்கே முறுக்குவிசையும் உலோகப் பல்லும் கட்டாயம்.

சர்வோ கை வாங்கும்போது தண்டின் பல் எண்ணிக்கையைக் கவனியுங்கள். வழக்கமாக, தயாரிப்பு நிறுவனங்களில் ஃபுடாபாவுக்கு 25, ஹைடெக்குக்கு 24, ஜேஆருக்கு 23, ஒன்றுக்கொன்று பொருந்தாது.

உதிரிப் பற்சக்கரங்கள் தனியாகக் கிடைக்கும் சர்வோக்களையே இப்போது வாங்குகிறேன். நான்கு திருகுகளைக் கழற்றி, பற்களை மாற்றி, கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. மோட்டாரும் சர்க்யூட்டும் நன்றாக இருக்கும்போது முழுச் சர்வோவையும் தூக்கி எறிய மனம் வருவதில்லை.