ஊட்டித் தைலம்: புட்டியில் எள்ளும் இல்லை, கற்பூரமும் இல்லை

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் கடையில் "அண்ணா, தைலம் ஒண்ணு" என்று மட்டும் கேட்டால் யூகலிப்டஸ் வரலாம், விண்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் வரலாம், கலவை வலித் தைலமும் வரலாம். மூன்றுக்கும் பேர் நீலகிரித் தைலம்தான்.

பெயரே தப்பு என்பாரும் உண்டு. சித்த மருத்துவத்தில் தைலம் என்றால், மூலிகைச் சாற்றை நல்லெண்ணெயில் விட்டு ஈரம் வற்றிப் பதம் வரும்வரை காய்ச்சுவது. இதுவோ இலையை அண்டாவில் அடைத்து நீராவி ஏற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிரிப்பது; நூறு கிலோ இலைக்குச் சுமார் ஒரு கிலோதான் தேறும். அப்படியானால் 'எண்ணெய்' என்று போடலாமே என்கிறார்கள். அதுவும் எள்+நெய்தானே! வடமொழித் 'தைல'மும் எள்ளைக் குறிக்கும் 'தில'த்திலிருந்து வந்தது. இரண்டு சொல்லும் எள்ளை உதறி வெகு காலமாகிறது. மண்ணெண்ணெயில் யார் எள்ளைத் தேடுகிறார்கள்? மலையில் யூகலிப்டஸ் மரத்துக்கே கற்பூர மரம் என்று பேர், கற்பூரம் அதில் வடிவதில்லை.

தைலம் என்றே இருக்கட்டும். ஆனால் எந்த இலை என்று லேபிளில் இருக்க வேண்டும். சமவெளியில் காகித ஆலைக்கு வளர்க்கும் தைல மரமும் யூகலிப்டஸ்தான், ஆனால் வேறு இனம், அதில் எண்ணெய் சொற்பம். மலையில் வடிப்பது 'குளோபுலஸ்'. சளிக்கு உதவும் சினியோல் இதில்தான் மிகுதி. எலுமிச்சை வாசம் தூக்கினால் அது 'சிட்ரியோடோரா', கொசுவுக்குச் சரி, ஆவி பிடிக்க அல்ல.

விண்டர்கிரீன் விஷயத்தில் பெயர்க் குழப்பம் ஆபத்தாகவே முடியும். அது ஏறத்தாழ முழுக்க ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட், 5 மி.லி. வயிற்றுக்குள் போனால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேய்க்கவும் வேண்டாம். அடையாளம் காண, தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள்: யூகலிப்டஸ் மிதக்கும், விண்டர்கிரீன் அடியில் போகும்.

கலப்படம் பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் ஏதோ சேர்ந்திருக்கிறது. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் சேர்ந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, அதுவும் பறந்துவிடும். மூக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஆவி பிடிக்க ஒரு சட்டி வெந்நீருக்கு யூகலிப்டஸ் 2 சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தேய்க்க ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு 5 சொட்டு. கைக்குழந்தை மூக்கருகே தடவக் கூடாது, குடிக்கவே கூடாது.

அடர் நிறக் கண்ணாடிப் புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு பிளாஸ்டிக்கைத் தைலம் இளக்கிவிடும். ரப்பர் மூடி ஊறிப்போய் ஊருக்கு வருமுன் பை முழுக்க மணக்கும்.