மழைநீர் வடிகாலும் புதுச் சாலையும்: எங்கள் தெருவில் சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையை ஒட்டி இருபது, முப்பது ஆண்டுகளில் முளைத்த நகர்களில் ஒன்றில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் நகர் என்று பெயர் வைத்த இடங்களில் பாதி, ஒரு காலத்தில் வயல். மீதி, ஏரிக்குத் தண்ணீர் வந்த வழி. சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அது நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். பழைய வரைபடம் எதுவும் பார்க்காமலே, நல்ல மழை பெய்த மறுநாள் தெருவில் நடந்தால் இந்தப் பாதை காலில் தட்டுப்படும்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலைகள் வேகம் எடுத்தன. எங்கள் தெருவில் 2022 கோடையில் மழைநீர் வடிகாலுக்குக் குழி தோண்டினார்கள், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தார்ச்சாலை வந்தது. அதற்குப் பிறகு மிக்ஜாம் புயல், 2024 அக்டோபர் மழை, ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது பக்கத்து நகர்களில் ஜேசிபி இறங்கியிருக்கிறது. "உங்க தெருவுல எப்படி சார் இருக்கு, பிரயோஜனம் உண்டா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒரு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தோடு யாரும் எதையும் ஒப்பிட வேண்டாம். அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 10 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். பெரிய டேங்கர் லாரி இரண்டில் வருகிற அளவு, உங்கள் ஒருவர் வீட்டில் இருந்து மட்டும். தெருவில் ஐம்பது வீடு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 49 சென்டிமீட்டரைத் தாங்குவதற்குத் தெருவோரக் கால்வாய் எவனும் கட்ட மாட்டான், கட்டவும் முடியாது. வருடா வருடம் வருகிற ஐந்து, எட்டு, பத்து சென்டிமீட்டர் மழைக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு என் பதில்: முன்பைவிட நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நல்ல மழைக்கு இரண்டு நாள் தெருவில் தண்ணீர் நிற்கும், இப்போது பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிகிறது. ஆனால் இந்த நிலைக்கு வர, கட்டி முடித்த பிறகும் ஒன்றரை வருடம் பிடித்தது. காரணம் எல்லாமே மட்டம் சம்பந்தப்பட்டது.

வேலை நடந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். வாசல் சாய்தளத்தை இடித்தார்கள், குடிநீர்க் குழாய் உடைந்தது, இன்டர்நெட் கேபிள் அறுந்தது, பலகை போட்டு வீட்டுக்குள் போனோம். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் மட்டும் அது நிஜமாகவே கஷ்டம். கம்பி கட்டி நீட்டிக்கொண்டிருக்கும் குழிக்குமேல் ஒரு பலகையில் எழுபது வயதுக்காரரை நடக்கச் சொல்ல முடியாது. குழி தோண்டுவதற்கு முன்பே அவர்களை மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அனுப்பிவிட்டவர்கள் புத்திசாலிகள்.

அந்தச் சமயத்தில் தெருவில் கொத்து வேலைக்கு வந்திருந்த ஒரு மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் தெரு வேலை அவருடையதில்லை, பக்கத்து வீட்டு மாடிக்கு வந்தவர். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடிமட்டம் யாரு சார் பாக்குறாங்க? டியூப் போட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்டார். தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து மட்டம் பார்ப்பதைத்தான் சொன்னார். கால்வாய் வேலையில் கண்ணுக்குத் தெரிவது மேல் மூடி, உள்ளே தண்ணீரை நகர்த்துவது அடித்தளத்தின் சரிவு. ஐநூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் என்று வைத்தால், நூறு மீட்டர் நீளத்துக்கு வெறும் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். எங்கள் பகுதி மாதிரிச் சமதளமான இடத்தில் அந்த 20 சென்டிமீட்டரும் பெரிய சொத்து. அடிக் கான்கிரீட் போடும்போது ஒரு இடத்தில் கை அலட்சியமாகி நாலு விரல் ஏறிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் நீளம் முழுக்கத் தண்ணீர் தேங்கும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. தெருவுக்குள் சரிவு ஓரளவு சரியாகவே இருந்தது. கோளாறு தெரு முடிகிற இடத்தில். எங்கள் தெரு ஒரு ஒப்பந்ததாரருக்கு, அதைப் போய்ச் சேரும் குறுக்குத் தெரு இன்னொருவருக்கு. இரண்டு பேரும் அவரவர் கால்வாயை அவரவர் மட்டத்தில் கட்டினார்கள். இணைத்துப் பார்த்தபோது அவர்களுடைய அடித்தளம் எங்களுடையதைவிட ஏறக்குறைய முக்கால் அடி உயரம். ஆக, எங்கள் கால்வாய் முக்கால் அடி நிரம்பிய பிறகுதான் வெளியே வழியத் தொடங்கும். மழை நின்று ஒரு மாதம் ஆனாலும் அந்த முக்கால் அடித் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். கொசுவுக்கு இதைவிட நல்ல குடித்தனம் அமையாது. இன்றுவரை இது முழுதாகத் தீரவில்லை.

சாலை விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போடக்கூடாது என்று உத்தரவிட்டது பலருக்கும் நினைவிருக்கும். வீடு பள்ளமாகவும் சாலை மேடாகவும் போய்க்கொண்டிருந்த ஊர்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் தெருவில் அதன்படியே பழைய தாரை மில்லிங் செய்து எடுத்துவிட்டுப் போட்டார்கள், சாலை வீட்டு வாசலைவிட உயரவில்லை. இரண்டு தெரு தள்ளி, பழைய காலத்தில் மேலே மேலே போட்டே ஏற்றிய சாலை ஒன்று இருக்கிறது. அங்கே வாசலில் இருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தத் தெருவில் ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். லட்சக்கணக்கில் செலவு. சாலை போட்டவர்கள் மிச்சம் பிடித்த மில்லிங் கூலி, கடைசியில் வீட்டுக்காரர் தலையில் விடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, சாலை தாழ்வாக இருந்தால் நல்லதுதானே? இங்கேதான் வேடிக்கை. கால்வாயை முதலில் கட்டினார்கள். சாலைத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்காகப் பக்கச் சுவரில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சதுர ஓட்டைகள் வைத்தார்கள். பழைய சாலை மட்டத்துக்கு அந்த ஓட்டைகள் சரியாக இருந்தன. பிறகு வந்தவர்கள் பழைய தாரைச் சுரண்டி, சாலையைத் தாழ்த்திப் போட்டார்கள். இப்போது ஓட்டை சாலைக்கு இரண்டு அங்குலம் மேலே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இதன் விளைவு முழுதாகத் தெரிந்தது. அந்த மழை விட்ட பிறகும் தெருவின் ஓரங்களில் தண்ணீர் தேங்கியே நின்றது, மூடியைத் தூக்கிப் பார்த்தால் கால்வாயில் பாதிதான் தண்ணீர். கால்வாய்க்கு இடமிருந்தும் சாலைத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. போதாததற்கு, பல வீடுகளில் இடித்த சாய்தளத்தைத் திரும்பக் கட்டும்போது ஓட்டையை மூடியே கட்டிவிட்டார்கள். கார் ஏறி இறங்க வசதியாக இருக்க வேண்டுமே! மிச்சமிருந்த ஓட்டைகளில் பிளாஸ்டிக் கவர், பாதாம் இலை, யாரோ கொட்டிய கட்டட மணல். கடைசியில் இளவட்டங்கள் கடப்பாரை எடுத்து வந்து சில இடங்களில் ஓட்டையைச் சாலை மட்டத்துக்கு இடித்து இறக்கினார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா, "இதை அப்பவே செஞ்சிருக்கலாமேப்பா" என்றார்.

நலச்சங்கம் மூலமாக மனு மேல் மனு கொடுத்ததில், 2024 கோடையில் முக்கியமான இடங்களில் சாலை மட்டத்திலேயே இரும்புச் சட்டம் போட்ட தொட்டிகள் அமைத்தார்கள். வேலை சின்னது, ஒரு வாரம்கூட ஆகவில்லை. பலன் பெரியது. அந்த அக்டோபரில் நல்ல மழை பெய்தபோது மாலைக்குள் தெரு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் மழையின்போதும் பெரிய தொல்லை இல்லை. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய கால்வாய், சில ஆயிரம் ரூபாய் இரும்புச் சட்டத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தது என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். கால்வாய் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வழி மட்டுமில்லை, உள்ளே கொண்டுவரும் வழியும்தான். மிக்ஜாம் சமயத்தில் ஏரிகள் நிறைந்து, கீழே சதுப்பு நிலமும் நிறைந்தபோது எங்கள் தெருவின் தாழ்வான முனையில் மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே பொங்கியது. பள்ளிக்கரணையின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். அங்கே இறுக்கினால் இங்கே எந்தக் கால்வாயும் ஓடாது. பள்ளிக்கரணைக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் பறவைப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். எனக்கென்னவோ அந்தச் சதுப்பு நிலத்தில் ஒரு ஏக்கர் குறைந்தாலும் என் வாசலில் தண்ணீர் ஏறும் என்பதுதான் முதலில் தோன்றியது.

கழிவுநீர்ப் பிரச்சினையைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி கூப்பிட வேண்டும், அதற்குக் காசு. பக்கத்திலேயே புத்தம் புதுக் கால்வாய் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிவிசி பைப் போட்டு இணைத்துவிட்டால் செலவு மிச்சம். எத்தனை வீடு இப்படிச் செய்திருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஏப்ரல் மாதத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது என்றால் அது மழைநீராக இருக்க வாய்ப்பில்லை. இதில் வீட்டுக்காரர்களை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாக்கடைக் குழாய் முதலில், மழைநீர்க் கால்வாய் அடுத்து, சாலை கடைசியில் என்று வந்திருந்தால் இந்த ஆசையே வந்திருக்காது. இப்போது பாதாள சாக்கடை வரும்போது புதுச் சாலையை மறுபடி வெட்டத்தான் போகிறார்கள்.

வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தார் போட்டு ஒரு வருடத்துக்குள் சமையல் கேஸ் குழாய்க்காக ஓரமாக ஒரு கோடு வெட்டினார்கள். மூடியதும் வெறும் மண்ணும் மேலே சிமென்ட் பூச்சும். இன்று எங்கள் தெருவில் இருக்கும் குழிகளில் முக்கால்வாசி அந்தக் கோட்டில்தான். தாருக்குத் தண்ணீர் எதிரி. ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் பிடிப்பு விட்டுப் போகும், அப்புறம் வண்டிச் சக்கரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெட்டாத பகுதியில் சாலை இன்னும் நன்றாகவே இருக்கிறது, நடுவில் மேடும் ஓரத்தில் சரிவும் கெடவில்லை. சந்துகளில் பேவர் பிளாக் போட்டது என் கணக்கில் இன்னும் புத்திசாலித்தனம். எடுத்து மறுபடி அடுக்கிவிடலாம், கொஞ்சம் தண்ணீரும் கீழே இறங்கும்.

பராமரிப்பு? வருடா வருடம் செப்டம்பரில் ஆட்கள் வந்து மூடியைத் தூக்கி வண்டல் வாருகிறார்கள். வாரியதைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். லாரி வருவதற்குள் ஒரு மழை வந்தால் அந்த வண்டல் திரும்ப உள்ளே. போன தடவை நலச்சங்கமே ஒரு டிராக்டர் பிடித்து அள்ளியது.

உங்கள் தெருவில் வேலை தொடங்கப்போகிறது என்றால் இரண்டு கேள்வியைக் கேளுங்கள். தெருமுனையில் நம் கால்வாயின் அடிமட்டம் என்ன, அது போய்ச் சேரும் கால்வாயின் அடிமட்டம் என்ன? சாலை முடியும்போது அதன் மட்டம் என்ன, தண்ணீர் இறங்கும் ஓட்டை அதற்கு மேலேயா கீழேயா? வரைபடத்தில் இரண்டுக்கும் எண் இருக்கும். மூடி போடுவதற்கு முன் கால்வாயின் உள்பக்கத்தை முனையிலிருந்து முனைவரை போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு மனு கொடுக்கும்போது உதவும். உங்கள் சாய்தளத்தைத் திரும்பக் கட்டும் கொத்தனாரிடம் ஓட்டையை விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

எங்கள் தெருமுனை முக்கால் அடிக்குத் தீர்வு, குறுக்குத் தெருக் கால்வாயின் ஒரு பகுதியை உடைத்து அடிமட்டத்தை இறக்குவதுதான். வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். இந்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் கை வைப்பார்களாம்.