நடையா, ஜிம்மா? விரதமா, இடைப்பலகாரமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களில், விடியற்காலையில் நடப்பவர்கள் ஒரு கட்சி என்றால், மாதக் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போகிறவர்கள் இன்னொரு கட்சி.

நடைக்குச் செலவு இல்லை. யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள்களுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே அதன் கீழெல்லையை எட்டிவிடலாம். பலரும் வேதவாக்காகக் கொள்ளும் பத்தாயிரம் அடி என்ற எண், 1965-ஆம் ஆண்டுவாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியதே அன்றி, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. எனவே, ஆறாயிரத்தோடு வீடு திரும்பியவர் மனம் குன்ற வேண்டியதில்லை.

ஆனால் அதே நிறுவனம், முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் 2 நாள்களாவது வலுப்பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. வயது கூடக்கூடத் தசை குறைவதை நடை மட்டும் தடுத்துவிடாது என்பதால், இந்த இடத்தில் ஜிம் கட்சியின் வாதமே வலுவானது. ஒரு காலத்தில் இங்குள்ள வீடுகளில் ஆட்டுக்கல்லும் உலக்கையும் கைகளுக்கும் தோள்களுக்கும் வேண்டிய வேலையைக் கொடுத்தன (பெண்களுக்கு மட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்). இன்று அவை விடுதிகளாகிவிட்ட பெரிய வீடுகளில் அலங்காரப் பொருள்கள். ஜிம்முக்குப் போக இயலாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதையும் வீட்டிலேயே செய்யலாம். என் தேர்வு, நடையை அன்றாடமாகவும் வலுப்பயிற்சியை வாரம் இரு நாளாகவும் வைத்துக்கொள்வதே.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் சிலர், ஆண்டின் மற்ற நாள்களில் கடைத்தெருவுக்கும் வண்டியிலேயே போகிறார்கள். பக்தியை அளப்பது நம் வேலையன்று. முழங்காலை மட்டும் நினைத்தால், கார்த்திகையிலேயே நடக்கத் தொடங்கி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது.

சாப்பாட்டில் முதலில் கவுனி அரிசி. அதன் கருநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனினும், தீட்டாத அரிசியில் நிற்கும் நார்ச்சத்தும் உண்மையான நன்மைகள்தாம். ஆயினும் நம் வீடுகளில் அது பெரும்பாலும் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்ந்த இனிப்பாகவே இலைக்கு வருகிறது. அந்த இனிப்பை உடம்புக்கு நல்லது என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிக்கொள்பவரைவிட, வெள்ளைச் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டிக்கொள்பவரே மேல். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். மூன்று இட்லியும் சட்னியும் அந்தக் கணக்கில் அதிகம் சேர்ப்பதில்லை. நம் பக்கத்து இனிப்பான கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் உண்டு. கருப்பட்டியும் நெய்யும் அளவோடு இருந்தால் அதற்கு என் ஆதரவு உண்டு.

அடுத்தது, பதினாறு மணி நேர விரதம். சீனாவில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் 12 மாதங்கள் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரு குழுவினரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் உண்ணும் நேரத்தையும் நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சுருக்கியது. எடைக் குறைவில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அப்படியிருக்க, காலைப் பலகாரத்தை விட்டுவிட்டு, நாலு மணிக்குப் பசி தாளாமல் வெள்ளைப் பணியாரத்தையும் சீயத்தையும் கைக்கு வந்தபடி உண்பதைவிட, இடைப்பலகாரத்தைச் சுண்டலாக மாற்றிக்கொள்வது எளிது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது.

இவற்றையெல்லாம் குறித்து வைக்கக் கைபேசிச் செயலியா, நோட்டா என்றால், நோட்டே போதும். வீட்டுக்கு வீடு அளவும் எண்ணெயும் மாறும் பணியாரத்துக்குச் செயலி காட்டும் கலோரி தோராயமானதே. வட்டிக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதிய ஊரில், நடந்த நிமிடத்தையும் வாரம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் எழுதுவது பெரிய பாடன்று.