கார்னி கெக்கா, சாங்கி கெக்கா? கழுவும்போதுதான் தெரிகிறது

வீட்டில் காய்ச்சும் பீரை பாட்டில் பாட்டிலாக அடைத்து அலுத்துப்போய் கெக்குக்கு, அதாவது வாயு அழுத்தத்தில் பீரை வைக்கும் உலோகப் பீப்பாய்க்கு, மாறினேன். முதலில் கிடைத்தது பீர் ஆலைகள் பயன்படுத்தும் சாங்கி கெக். எட்டு மாதம் அதோடு இருந்துவிட்டு, இப்போது மூன்று கார்னி கெக்குகள் வைத்திருக்கிறேன்.

இரண்டுமே துருப்பிடிக்காத எஃகு, இரண்டிலும் பீர் நன்றாகவே இருக்கும். சாங்கியில் பல அளவுகள் உண்டு. கார்னி பெரும்பாலும் 19 லிட்டர். சரி, இதையெல்லாம் வைத்து நான் முடிவு செய்யவில்லை. கழுவுகிற வேலைதான் என்னை மாற்றியது.

கார்னி முதலில் சோடா சிரப்புக்காகச் செய்யப்பட்டது. நீள்வட்ட மூடியைக் கழற்றினால் கையே உள்ளே போகும். டார்ச் அடித்து அடிவரை பார்க்கலாம். சாங்கிக்கு ஒரே ஒரு வாய், அதையும் ஸ்பியர் என்கிற நடுக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் வாயுவை முழுதாக வெளியேற்றாமல் அதன் வளையத்தை நெம்பினால் குழாய் சீறிக்கொண்டு பாயும், உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறையும் அந்தப் பயத்தோடு திறப்பதா, இல்லை திறக்காமல் உள்ளே சுத்தமாகிவிட்டது என்று நம்புவதா? எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

கண்ணால் பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பீர்க்கல். கால்சியம் ஆக்சலேட் மெல்லிய படலமாக எஃகில் ஒட்டிக்கொள்ளும், அதன் மறைவில் கிருமிகள் தங்கும். ஈஸ்ட் கசடை சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீர் எடுத்துவிடும்; பீர்க்கல்லுக்கு அமிலக் கழுவல் வேண்டும். அது எப்போது தேவை என்று கார்னியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கெக் காலியானதும் அழுத்தத்தை விடுவித்து, அலசி, பெர்கார்பனேட் நீரில் அரை மணி நேரம் ஊறவைப்பேன். அப்போது மூடியை இறுக்கக் கூடாது. ஆக்சிஜன் வெளியாகி அழுத்தம் ஏறும். அப்புறம் போஸ்ட் (வாயுவுக்கும் பீருக்குமான இணைப்பு முனை) இரண்டையும் கழற்றி, அதிலிருந்து உள்ளே இறங்கும் டிப் டியூபில் நீளமான பிரஷ் விடுவேன். வெளியே பளபளப்பாக இருந்த கெக்கின் டியூபிலிருந்து ஒருமுறை பழுப்பு நிறக் கசடு வந்தது, அதிலிருந்து இந்தப் படியைத் தவிர்ப்பதே இல்லை. கடைசியில், பிறகு அலசத் தேவையில்லாத அமில சானிடைசர். ப்ளீச் பக்கமே போகாதீர்கள், குளோரைடு எஃகில் பொடிப்பொடியாகக் குழி போடும்.

கார்னியின் குறை ஓ-ரிங்குகள், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள். மூடிக்கு ஒன்று, போஸ்டுகளுக்கு இரண்டு, டியூபுகளுக்கு இரண்டு, ஆக ஐந்து இடத்தில் கசியலாம். மூடி சரியாக உட்காராமல் ஒரே இரவில் என் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் முழுதும் காலியானது. உணவுத்தர சிலிக்கோன் கிரீஸ் தடவி, வாயு ஏற்றியதும் சோப்புநீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன். இந்த விஷயத்தில் சாங்கி நிச்சயமாக மேல், அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட கசியவில்லை.

பம்பு வைத்த கெக் வாஷர் இருந்தால் சாங்கியையும் எளிதாகக் கழுவலாம் என்கிறார்கள். நான் அப்படிச் செய்து பார்த்ததில்லை, அதனால் என் தீர்ப்பு கையால் கழுவுபவர்களுக்கு மட்டும். பழைய கார்னி வாங்கினால் முதல் நாளே ஐந்து ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுங்கள். ரப்பரில் ஊறிய சோடா வாசனை எத்தனை கழுவினாலும் போகாது.