கம்பெனி சர்வீஸா, அல்சூர் மெக்கானிக்கா?

எங்கள் காருக்கு இது எட்டாவது வருடம். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. பெங்களூரு அல்சூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ், மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரியில் மாமியார் வீடு. வாரண்டி இருந்தவரை கம்பெனி சர்வீஸ்தான், வேறு யோசனையே இல்லை. முடிந்தபின் மூன்று வருடம் அங்கேயே ஓட்டினேன். இப்போது இரண்டு வருடமாகத் தெருமுனை மெக்கானிக்.

மாறியதற்குக் காரணம் ஒரு திங்கட்கிழமை காலை. சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), பேட்டரி இரண்டையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். மனசு கேட்காமல் அல்சூர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறந்ததுமே, “பேட்டரி டெர்மினல்ல உப்புப் பூத்திருக்கு சார்” என்றார். முதலில் நெகட்டிவைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து மாட்டி, கிரீஸ் தடவினார். மீட்டர் வைத்துப் பார்த்தார்: இன்ஜின் ஓடாதபோது 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. ஓடும்போது 14-ஐ ஒட்டி வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது என்று அர்த்தம். அதை எதற்கு மாற்றுவது?

ஆயில் விஷயத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்பது கணக்கு. ஆனால் சில்க் போர்டு நெரிசலில் நிற்கும் நேரம் கிலோமீட்டரில் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் 7,500-லேயே மாற்றிவிடுகிறேன். என் இன்ஜினுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். பில்லில் நாலு என்றிருந்தால் மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

கம்பெனியில் பில் வீங்குவது ஆயிலால் அல்ல, கூட ஒட்டிக்கொண்டு வரும் இன்ஜெக்டர் கிளீனிங், டெஃப்லான் கோட்டிங் வகையறாக்களால். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் அவற்றை நீக்கச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏர் ஃபில்டருக்கு யாரும் வேண்டாம். கிளிப்பை விடுவித்தால் கையோடு வந்துவிடும், ஐந்து நிமிட வேலை.

அண்ணனிடமும் குறை இருக்கிறது. “ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்” என்பதுதான் அவர் சித்தாந்தம். பிரேக் ஆயில் பேச்சையே எடுக்கமாட்டார். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயில், மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் கொதித்து, பெடல் சும்மா உள்ளே போகும். ஏற்காடு போகிறவர்கள் யோசியுங்கள். கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஞாபகமாக மாற்றிவிடுவார்கள். ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு எரிந்தாலும் அங்கேதான் போவேன். ரீகால் வந்தால் கேட்கவே வேண்டாம், அது இலவசம்.

பாகங்கள்? ஜே.சி. ரோட்டில் அண்ணனோடு போய் நானே வாங்குகிறேன். ஒரே பிரேக் பேடுக்கு மூன்று விலை சொல்வார்கள். மலிவானதைப் பார்த்தால் அண்ணன் உதட்டைப் பிதுக்குவார், அவ்வளவுதான் அவர் டெஸ்ட். நான் பில் கொடுக்காத கடையில் வாங்குவதில்லை.

பிரேக் ஆயிலுக்கு அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் தேதி வாங்கியிருக்கிறேன். கிளட்ச் பெடல் இப்போதெல்லாம் காலுக்குக் கனக்கிறது, அது அண்ணனுக்கு.