"நண்டு இல்லை" என்று சொல்ல 40 நிமிடம்

இந்தத் தடவை காரைக்குடிப் பயணத்தில் ரயில், தங்கல், ஆத்தங்குடிக் கல் வாங்கியது எதிலும் குறையில்லை. எழுத வைத்தது ஒரு நண்டு மசாலா.

முகூர்த்த நாள், மதியம் ஒன்றரை மணி, எட்டுப் பேர் உட்கார்ந்த மேசை. ஆர்டர் கொடுத்து 40 நிமிடம் கழித்து, "நண்டு தீர்ந்துபோச்சு, வேற என்ன வேணும்?" என்று வந்து நிற்கிறான் ஒடிசாப் பையன். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதும் கல்லாவிலிருந்து எழுந்து வந்த மேனேஜர், சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் நடுவில் அவனை வறுத்தெடுத்தார். அவனுக்குப் பாதித் தமிழ்தான் புரிந்திருக்கும். மேசைக்கு ஒரு 'மன்னிச்சுக்கங்க' கிடையாது.

சமையலைக் குறை சொல்ல நாக்கு வராது. சிங்கப்பூரில் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் அந்தக் காரச் சட்னி கிடைக்காது. ஆனால் அங்கே மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்குப் பேசப் பழக்குவதற்கென்றே வகுப்பு உண்டு, கட்டணத்தில் அரசு மானியமும் உண்டு. நம் ஊரில் நன்றாகப் பரிமாறுகிறவரையோ கணக்குத் தெரிந்தவரையோ ஒருநாள் கல்லாவில் உட்கார வைத்துவிட்டால் அவர் மேனேஜர். உணவைக் கையாளுகிற 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறதே என்றால், அந்தப் பயிற்சி கை கழுவுவதற்கும் சூடு குளிர் பார்ப்பதற்கும்தான். வாய்க்கு இல்லை.

நண்டு தீர்ந்தது குற்றமில்லை, முகூர்த்த நாளில் தீரத்தான் செய்யும். அடுப்படிக்குத் தெரிந்தது கூடத்துக்குத் தெரியாததுதான் கோளாறு. இதற்கு ஒரு சிலேட்டுப் பலகை போதும். பத்து பிளேட் மிச்சம் என்றதும் மாஸ்டர் குரல் கொடுக்க வேண்டும், மேனேஜர் பலகையில் 10 என்று எழுத வேண்டும். ஐந்துக்கு வந்துவிட்டால் கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் எடுப்பது. தீர்ந்தால் மூன்று நிமிடத்துக்குள் மேசைக்குச் சொல்லிவிட வேண்டும். "வேற என்ன வேணும்?" என்று கேட்டால் பசியில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். "நண்டு முடிஞ்சிருச்சுங்க ஆச்சி, சுறாப்புட்டு இப்பவே தர்றோம், நாட்டுக்கோழின்னா கால் மணி நேரம்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நேரத்தோடு இரண்டு மாற்று, அவ்வளவுதான் சூத்திரம்.

திட்டுவதிலும் முறை இருக்கிறது. மேசையின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மேனேஜர், பையன் இல்லை. அவனிடம் பேசுவது கூட்டம் ஓய்ந்த பிறகு, பின்கட்டில், ஒரே ஒரு தப்பைப் பற்றி. அதுவும் "எங்கே தவறுச்சு?" என்று கேட்டுத் தொடங்குவது. நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவன் அடுத்த முறை தப்பை மறைப்பான். அந்த 40 நிமிடமே அப்படி மறைந்து நின்றதுதானோ என்று ஒரு சந்தேகம். தமிழ் தெரியாத பையன்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதும் வீண், எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆர்டரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஹோட்டல் ஹாலில் ஒருநாள் வகுப்பு வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் மறுவாரமே மறந்துவிடும். தினமும் காலை 11 மணிக்கு, கடை சூடு பிடிக்கும் முன், நின்றபடியே பத்து நிமிடம் போதும். இன்று எது குறைவு, எந்த மேசைக்கு யார், பிறகு ஒரு சின்ன நடிப்பு. அதில் மேனேஜர் பரிமாறுகிறவனாகவும் பையன் மேனேஜராகவும் மாற வேண்டும். முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் மேனேஜர் முகம் மாறும்.

செட்டிநாட்டுக்கு இதையெல்லாம் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருப்பதுதான் வயிற்றெரிச்சல். விசேஷ வீட்டில் ஒருத்தரை 'வாங்க' கேட்காமல் விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சு நிற்கும் ஊர் இது. பந்தி விசாரிக்கிறவர் கையில் வாளி இருக்காது, கண் மட்டும் இலை இலையாக நடக்கும். சாம்பார் தீரப் போகிறது என்று அவருக்கு முதலில் தெரியும், சாப்பிடுகிறவருக்குக் கடைசி வரை தெரியாது. அந்த வேலையைத்தான் இன்று சிங்கப்பூரில் காசு கொடுத்துப் படிக்கிறார்கள்.

கடைசியில் பில் வந்தது. நண்டு மசாலா இரண்டு பிளேட் சேர்த்து. அடுப்படிக்குப் போன சீட்டை ரத்து செய்ய வேண்டியவர் மேனேஜர், அவர் திட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டார். மறுபடியும் அந்தப் பையனைத்தான் கூப்பிட்டார்கள்.