யமஹா 24பி ரெக்கார்டர்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓராண்டு

தொடக்கப்பள்ளியில் இசை கற்பிக்கும் எங்களுக்கு, பிள்ளைகளின் கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்பது ஆண்டுதோறும் எழும் கேள்வி. புல்லாங்குழலில் முதல் ஒலியை வரவழைக்கவே எட்டு வயதுப் பிள்ளைக்குச் சில வாரங்கள் பிடிக்கும். உதட்டின் கோணம் சற்று விலகினாலும் வெறும் காற்றுதான் வரும். ரெக்கார்டர் என்னும், நேராகப் பிடித்து ஊதும் மேற்கத்தியக் குழலில் அந்தத் தடை இல்லை. ஊதுமுனையில் அமைந்த குறுகிய வழி, காற்றைத் தானே விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், முதல் மூச்சிலேயே ஒலி பிறந்துவிடுகிறது. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து இதைக் கற்பிப்பது வழக்கம். சென்ற கல்வியாண்டில் நாங்களும் யமஹா நிறுவனத்தின் ஒய்ஆர்எஸ்-24பி என்ற சோப்ரானோ (உயர்ந்த சுருதியில் ஒலிக்கும்) ரெக்கார்டரைப் பிள்ளைக்கு ஒன்று வீதம் 32 வாங்கினோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பை வாங்கி ஊதவைத்தோம். ஒவ்வொரு குழலும் தனித்தனியே ஒலித்தபோது குறை தெரியவில்லை. பத்துப் பிள்ளைகள் ஒரே சுரத்தை ஊதியபோது பத்துச் சுருதிகள் கேட்டன. பிள்ளைகளின் காது பழகும் வயதில் இது சிறிய தீங்கு அன்று. 24பி-யில் நான் முதலில் மதிப்பது இதைத்தான்: ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட இந்தக் குழல்கள் ஒன்றுக்கொன்று ஒத்த சுருதியில் இருக்கின்றன. யாராவது சுருதி விலகினால், அது மூச்சின் வேகத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்லித் திருத்த முடிகிறது. குழல் மூன்று துண்டுகளாகக் கழல்வதால், அடித்துண்டைச் சற்றுத் திருப்பி, சிறிய சுண்டுவிரலுக்கும் கடைசித் துளை எட்டும்படி செய்யலாம்.

இதே நிறுவனத்தின் ஒய்ஆர்எஸ்-23 பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும்; வேறுபாடு விரலமைப்பில் உள்ளது. 23 ஜெர்மானிய முறையைச் சேர்ந்தது; 24பி பரோக் முறையைச் சேர்ந்தது. 1920-களில் ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் கொண்டுவந்த ஜெர்மானிய முறையில், எஃப் என்னும் மேற்கத்தியச் சுரத்துக்கு விரல்களை மேலிருந்து வரிசையாக மூடினாலே போதும். பரோக் முறையிலோ அதே சுரத்துக்கு நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள துளைகளையும் மூடவேண்டும். ஆகவே தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 23-தான் ஏற்றது என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். நம் இசையைக் கற்பிக்கும் வகுப்புக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியோடு வரும் விரல் அட்டவணை, எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் சி-யிலிருந்து தொடங்குகிறது. அதை ஷட்ஜமாக, அதாவது ஆதாரச் சுரமான ச-வாகக் கொண்டால், பிள்ளை தனக்கு மிகக் கடினமான சுரத்தில்தான் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். ஒரு விரல் பிசகினாலும் குழல் கீச்சிடும். நான் ஜி-யை, அதாவது என் வகுப்புப் பிள்ளைகள் பாடும் 5 கட்டையை, ஷட்ஜமாக வைத்தேன். குழல் மேல் ஸ்தாயியில் ஒலித்தாலும் சுருதி ஒன்றே என்பதால், பாடியதை ஊதவும் ஊதியதைப் பாடவும் முடிகிறது. இடக்கையின் கட்டைவிரலும் மூன்று விரல்களும் மூடினால் ச. மோதிரவிரலை எடுத்தால் ரி. நடுவிரலையும் எடுத்தால் க. நடுவிரல் மட்டும் மூடியிருந்தால் ப. இடக்கையாலேயே நான்கு சுரங்கள் கிடைத்துவிடுகின்றன. பின்னர் வலக்கை விரல்களைச் சேர்த்து மந்தர ஸ்தாயியின் தைவதத்தையும் பஞ்சமத்தையும் பிடித்ததும், மோகன ராகத்தில் சிறு சிறு சுரவரிசைகளை அமைக்கலாம். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லாததால், முதல் பருவம் முழுவதும் இரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே குறுக்கிடுவதில்லை.

வேறுபாடு சங்கராபரண ராகத்தில் தெரியும். ஜி ஷட்ஜமானால் அந்த ராகத்தின் நி-யான காகலி நிஷாதம், எஃப்-க்கு அரைச்சுரம் மேலே உள்ள எஃப் ஷார்ப்பில் அமைகிறது. ஜெர்மானிய முறையில் சுருதி சரியாக நிற்காத சுரம் அதுதான். எளிதாக்கப்பட்ட எஃப்-க்குக் கொடுக்கப்பட்ட விலை என்றே அதைச் சொல்லலாம். 24பி-யில் அந்த நிஷாதம் சுத்தமாக ஒலிக்கிறது. பிள்ளைகளும் இரண்டு வாரங்களில் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆண்டிறுதியில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுர சாகித்யங்களில் ஒன்றை வகுப்பு முழுவதும் ஊதியது. மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய வடமொழிச் சாகித்யங்கள் அவை. சங்கராபரண சுரங்களில், கமகமின்றி (சுரத்தை அசைக்காமல்) நேராகச் செல்பவை என்பதால் இந்தக் கருவிக்காகவே அமைந்தவை போலப் பொருந்துகின்றன. ஒரு பாதி ஊத மறுபாதி பாடியபோது இரண்டும் ஒரே சுருதியில் இணைந்ததைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோனேன்.

இந்தக் கருவியால் ஆகாதவையும் உண்டு. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் மாயாமாளவகௌளை ராகத்தின் ரி-யான சுத்த ரிஷபத்துக்குச் சிக்கலான குறுக்கு விரலிடல் (நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டுக் கீழே மூடுவது) தேவைப்படுவதால், எட்டு வயதில் அது கைகூடாது. கமகமும் அந்த வயதுக்கு எட்டாதது. எனவே சரளி வரிசைகளைக் குரலிலேயே கற்பிக்கிறேன். குழல் வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டு நேரத்தைக் குறைக்கவே கூடாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களின் விரல் நுனிகள் துளையை முழுவதும் மூடுவதில்லை.

முப்பது குழல்கள் ஒரே அறையில் ஒலித்தால் காது தாங்காது. எட்டெட்டுப் பேராக ஊதவைத்து, மற்றவர்களைத் தாளம் போடச் செய்கிறேன். நீண்ட நேரம் ஊதினால் மூச்சின் ஈரம் காற்றுவழியில் தங்கி ஒலி மங்கும். இது எல்லா ரெக்கார்டருக்கும் உரிய இயல்பு. தலைத்துண்டை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்திச் சூடாக்கியபின் ஊதத் தொடங்கினால் இது குறைகிறது. பிளாஸ்டிக் என்பதால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். மரக்குழலுக்கு அது முடியாது. ஒருவர் குழலை இன்னொருவர் ஊதாதபடி ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறோம்.

வாங்கும்போது எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். நாங்கள் இணையத்தில் வாங்கிய கடை ஒன்று, 24பி கேட்டதற்கு 23-ஐ அனுப்பிவிட்டது. மாற்றிப் பெற மூன்று வாரம் ஆயிற்று. உறையைப் பிரித்ததும் முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது துளை நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் அது ஜெர்மானிய முறை. நான்காவது சிறியதாக இருந்தால் பரோக் முறை. பிள்ளைகளின் கைக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால், ஊதிய கருவியைத் திருப்பி அனுப்பும் சங்கடம் நேராது.